கோவைப் புயலுக்கு எந்த ஆயில்

ஏப்ரல் 2

இன்றிலிருந்து இந்த வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர் தெய்வசிகாமணி, அவர் வாங்கி வந்திருக்கும் கார். மரியாதை வரிசை தெரிய வேண்டுமானால் இதைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும்.

ஜெர்மன் கார். நீல நிறம். ஒரு பல் டாக்டர் சில வருடம் ஓட்டிவிட்டு விற்றது. டர்போ இருக்கிறதாம். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடியில் தொட்டுவிடுமாம். எங்கள் சாய்பாபா காலனித் தெருவில் ஆறு விநாடியில் தொடக்கூடியது மாநகராட்சிக் குப்பைத்தொட்டியை மட்டும்தான்.

"ஏனுங்க, இத்தனை வேகமா நாம எங்க போகோணும்?" என்று கேட்டேன்.

"போறதுக்கு இல்ல கோதை. போக முடியும்கறதுக்கு," என்றார்.

பம்பு ஃபவுண்டரியில் இருந்த பங்கைத் தம்பிக்கே விற்றுவிட்டு வந்ததிலிருந்து மனிதருக்கு வேலை இல்லை. ஐம்பத்தாறு வயதில் வேலை இல்லாத ஆண்களுக்குத் தத்துவம் வரும், இல்லாவிட்டால் சர்க்கரை வரும். இவருக்கு இரண்டும் வந்தாயிற்று.

ஏப்ரல் 5

காருக்கு ஆயில் மாற்ற வேண்டுமாம். நான் சர்வீஸ் சென்டரில் விட்டால் அவர்களே மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அது அறியாமை. ஆயிலை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊர் விசாரித்து, குலம் கோத்திரம் பார்த்து, நாலு பெரிய மனிதர்களைக் கலந்து. மாப்பிள்ளை பார்ப்பது போல. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பாக்கியம் இவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை ஆயிலில் தீர்த்துக்கொள்கிறார்.

முதல் பெரிய மனிதர் ராக்கியப்பன். இவருடைய பள்ளித் தோழர், உக்கடத்தில் ஆயில் கடை. கையில் ஒரு கருப்பு டப்பாவோடு வந்தார்.

"ஆயிலுன்னா கெட்டியா இருக்கோணும் மணி. விரல்ல தொட்டா தேனாட்டம் நிக்கோணும். இப்ப சிந்தெட்டிக்குன்னு தண்ணியாட்டம் ஊத்தறானுக. அதுல இன்ஜினுக்கு எப்படித் தெம்பு வரும்? இதப் பாரு, 10W-60. ரேஸ் வண்டிக்கு ஊத்தறது."

ரேஸ் என்ற சொல்லே இவருக்குப் போதும். முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் ரேஸ் சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்கும். வீட்டிலிருந்து புறப்பட்டு முக்கில் உள்ள பேக்கரி வரை போய், ஒரு டீ, ஒரு பப்ஸ், திரும்பி வீடு. இதுவரை இவர்தான் முதலிடம்.

ஏப்ரல் 9

ஃபேஸ்புக்கில் "டர்போ தமிழர்கள்" என்று ஒரு குழு. வேகமான கார் வைத்திருப்பவர்களும், வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களும் கூடும் இடம். இவர் அதில் "கோவைப் புயல்" என்ற பெயரில் சேர்ந்திருக்கிறார். சுயவிவரப் படம் காருடையது. அது நல்லதுதான்.

"என் வண்டிக்கு எந்த சிந்தெட்டிக் ஆயில் ஊற்றலாம்?" என்று காலையில் கேட்டார். மத்தியானத்துக்குள் குழு இரண்டாகப் பிரிந்து, ஒருவர் இன்னொருவரின் அப்பாவை இழுத்துவிட்டார். ஒருவர் 0W-20 என்றார், மைலேஜ் கொட்டுமாம். ஒருவர் 20W-50 என்றார், அவருடைய டிராக்டருக்கு அதுதானாம். ஆயில் என்பதே பன்னாட்டுக் கம்பெனிகளின் சதி என்றார் மற்றொருவர். அவரிடம் கார் இல்லை என்பது அப்புறம் தெரிந்தது.

இவர் எல்லோருக்கும் பொறுப்பாகப் பதில் எழுதினார். என்னோடு ஒரு மாதத்தில் பேசுவதைவிட அதிகம்.

ஏப்ரல் 12

இவர் ராக்கியப்பன் கடைக்குப் போனதும் நித்திலாவுக்குப் போன் செய்தேன். வழக்கமாக அப்படித்தான்.

நித்திலா எங்கள் ஒரே மகள். சேலத்தில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எட்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இருவரும் மாலையோடு வந்து நின்றார்கள். பையன் தூத்துக்குடி, வேறு சாதி, வேறு மதம், நல்ல படிப்பு. கடைசியில் உள்ளதை யாரும் கவனிக்கவில்லை. இவர், "என்ற கண்ணுல படாத" என்று ஒரே வாக்கியம் சொன்னார்; அவர்கள் திரும்பிப் போனதும் ஃபவுண்டரிக்குப் போய்விட்டார். மறுநாள் பங்காளிகள் நாலு பேர் வந்து, "கரெக்டாச் செஞ்சீங்க" என்று தட்டிக்கொடுத்துக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காபியில் உப்பைப் போடாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அந்தப் பங்காளிகளில் ஒருவரும் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. மகளும் வரவில்லை. காபித்தூள் மிச்சம்.

எட்வினுக்கு ஓமனில் வேலையாம். மே மாதக் கடைசியில் இருவரும் கிளம்புகிறார்கள். "போனா மூணு வருசம் ஆகும்மா," என்றாள். நான் எட்வினிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் மசகு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் என்ஜினியர். அவரிடம் சும்மா பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஃபேஸ்புக், குழுக்கள், அந்த மாதிரி.

ஏப்ரல் 15

குழுவில் புதிதாக ஒருவர். பெயர் "பிசுக்குப் பித்தன்". யார் சேர்த்துவிட்டார்களோ.

வந்ததும் இவருடைய கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். ஆயிலில் உள்ள முதல் எண், காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் அது எவ்வளவு சீக்கிரம் ஓடிப் பாயும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது எண், கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. ஆனால் இரண்டையும்விட முக்கியம் டப்பாவின் பின்பக்கம். கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில் என்றால் அதற்கான குறியீடு அங்கே பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள குறியீடும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு, அந்தக் குறியீடு உள்ள 5W-40 போதும். கெட்டி ஆயில் ஊற்றினால் டர்போவுக்கு நேரத்தில் போய்ச் சேராது.

இவர் பதில்: "தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் ஆயிலில் கை வைத்தவன்."

பித்தன்: "சரிங்க அண்ணா. ஆனா அது பம்பு. இது டர்போ."

இவர் மொபைலை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "எவனோ ஒரு பொடியன். பேச்சப் பாரு." கோபமாகச் சொல்வது போல் இருந்தது. ஆனால் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் திரும்பப் போய் அடுத்த பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

ஏப்ரல் 19

பித்தனோடு சண்டை ஐந்தாவது நாள். இட்லி ஆறுகிறது. தேங்காய்ச் சட்னியைப் பார்த்துக்கொண்டே, "இது எந்த கிரேடு?" என்றார். அவர் நகைச்சுவை சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. இதுவும் நன்றாக இல்லை.

ஏப்ரல் 23

காரில் ஆயில் கூடுகிறது. குறையவில்லை, கூடுகிறது. திரையில், "ஆயில் அளவு அதிகம்" என்று வந்தது. யாரும் ஊற்றவில்லை.

ராக்கியப்பன் வந்து எட்டிப் பார்த்தார். "பெருகுனா நல்லதுதான மணி. லட்சுமி கடாட்சம்."

இவருக்கே சந்தேகம் வந்து குழுவில் கேட்டார். பித்தன் ஒரே கேள்வி கேட்டார்: "வண்டி ஒரு தடவ எடுத்தா எவ்வளவு தூரம் ஓடுதுங்க அண்ணா?"

"நல்ல ஓட்டம்தான்," என்று எழுதினார் கோவைப் புயல். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேக்கரி பப்ஸ் சுற்றி வந்த கசங்கிய காகிதத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன். அதை அழித்துவிட்டு, "ஒன்றரைக் கிலோமீட்டர்" என்று எழுதினார்.

பித்தனின் விளக்கம் இது. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால், எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். சூடாக ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். ஓடாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். அளவு கூடும், பலம் குறையும். அப்படியே விட்டால் டர்போ தேய்ந்து ஒருநாள் இன்ஜினே போகும். பழைய ஆயிலை உடனே மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறையாவது நெடுந்தூரம் ஓட்டுங்கள். நல்ல வண்டியை வீட்டிலேயே வைத்திருந்தால் அதுவே அதைக் கெடுத்துவிடும்.

இவர் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். பெட்ரோல் பங்க் மாதிரிதான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் எனக்கு முகரக் கொடுத்த பொருள்களில் இது இரண்டாவது. முதலாவது, ஃபவுண்டரி தீபாவளிக்குக் கொடுத்த ஊதுவத்தி.

ஏப்ரல் 26

ஆயில் முடிவாகிவிட்டது. கையேட்டைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டு, குறியீட்டைக் கண்டுபிடித்து, அது பொறித்த 5W-40 டப்பாக்களையே வாங்கி வந்தார். பின்பக்கத்தைக் கடைக்காரர் முன்னாலேயே பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாராம். ராக்கியப்பனுக்குத் துக்கம். "நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்துச்சு மணி" என்று சொல்லிவிட்டுப் போனார், யாரோ ஓடிப்போய்விட்ட மாதிரி.

ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலை இறக்கும்போது கூடவே நின்றாராம். டீத்தண்ணீர் மாதிரி ஊற்றியதாம். முகம் வாடித்தான் வந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர் விடவில்லை. கையேட்டில் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று இருக்கிறதாம். பித்தனும் அதையே சொன்னார். இவர், "அது ஜெர்மன்காரன் ரோட்டுக்கு. நம்ம ஊர்த் தூசி, சிக்னல், வெயில், இந்தப் பெட்ரோல் கலக்குற கூத்து, எல்லாம் பார்த்தா பாதியிலயே மாத்தோணும்" என்று எழுதினார். பட்டறைப் புத்தி. அது சரியாகத்தான் இருந்தது.

பித்தன் உடனே ஒத்துக்கொண்டார். "நீங்க சொல்றதுதான் சரிங்க மாமா."

ஒரு விநாடி. அப்புறம் அந்த வரி காணாமல் போய், "அண்ணா" என்று திருந்தி வந்தது.

நல்லவேளை, இவர் கவனிக்கவில்லை. மொபைலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, செடியே இல்லாத மூலையில் வெகுநேரம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 27

இன்றும் தண்ணீர் பாய்ச்சினார். நேற்று விட்டதே இன்னும் காயவில்லை.

ஏப்ரல் 30

ஆயில் தீர்ந்துபோனால் குழுவில் பேச்சும் தீர்ந்துபோகும் என்று நினைத்தேன். இல்லை. பித்தன் தான் மனைவியோடு ஓமன் போகப்போவதாக எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார் இவர். அங்கே வீடு கம்பெனி கொடுக்கிறதா? நம் ஊர் அரிசி கிடைக்குமா? ஆஸ்பத்திரி பக்கமா? உங்கள் வீட்டில் அவர்களும் வேலைக்குப் போவார்களா, தனியாகவே இருப்பார்களா? வேகமான கார்களுக்கான குழுவில் ஒரு மனிதர் அரிசி விசாரிக்கிறார். மற்றவர்கள் சிரிப்புப் படம் போட்டார்கள்.

கடைசியாக இப்படிக் கேட்டிருந்தார்: "பாலைவனத் தூசியில், வீசிங் உள்ளவர்கள் உட்காரும் காருக்கு எந்த ஏசி ஃபில்டர் நல்லது?"

எங்களுக்கு வீசிங் கிடையாது. எனக்கு இல்லை, இவருக்கு இல்லை. இந்த வீட்டில் இப்போது யாருக்கும் வீசிங் இல்லை.

மே 1

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினேன். இரண்டு பேருக்கு என்றுதான் ஆரம்பித்தேன். நாலு பேருக்கு ஆகிவிட்டது.

மே 7

ஆயிலின் ஆரோக்கியத்துக்காக இன்று நெடும்பயணம். பொள்ளாச்சி போய் இளநீர் குடித்துவிட்டு வந்தோம். கார் நன்றாகத்தான் ஓடியது. எனக்கு இரண்டு இடத்தில் உயிர் போய் வந்தது.

வீடு வந்ததும், "ம்ஹூம், பத்தல," என்றார்.

"என்னங்க பத்தல?"

"ஆயில் சரியாச் சூடாகல. இன்னும் தூரம் போகோணும்."

நான் உதவி செய்தேன். "பாலக்காடு?"

"ரோடு சரியில்ல."

"ஈரோடு?"

"பக்கம்."

அதற்கு மேல் நான் ஊர் சொல்லவில்லை. பூகோளத்தில் நான் எப்போதும் சுமார்தான்.

மே 10

காபி குடிக்கும்போது, செய்தித்தாளைப் பார்த்தபடி சொன்னார்: "சேலம் ரோடு நல்லா இருக்கும்னு குழுவுல சொல்றாங்க."

"அப்படிங்களா," என்றேன்.

"ஆயிலுக்குத்தான்."

"ஆயிலுக்குத்தானுங்க."

ஒரு மாதமாக நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு முழுவதும் வீணாகிவிட்டது. அருமையான பேச்சு. நடுவில் அழும் இடம்கூட இருந்தது.

மே 14

சேலம் போய்விட்டு வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வழி கேட்காமலே அழகாபுரத்தில் அந்தத் தெருவுக்குள் திருப்பினார். வீட்டு எண்கூட நான் சொல்லவில்லை. வாசல் எதிரில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. டர்போ கார்களை வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைக்கக் கூடாதாம், கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆற விட வேண்டுமாம். ஓடவிட்டார். கொஞ்ச நேரம் போய், நிறைய நேரமும் போயிற்று. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், வண்டி நிற்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லாத மாதிரி.

எட்வின் வெளியே வந்தார். லுங்கியோடு இருந்தவர் உள்ளே ஓடிப்போய் பேன்ட் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். காருக்கு முன்னால் நின்றார். இவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்து, குனிந்து, கால்மாட்டில் இருந்த ஒரு பிடியை இழுத்தார். பானெட் திறந்துகொண்டது.

மாமனார் மருமகனைச் சந்திக்க உலகத்தில் எத்தனையோ முறைகள் இருக்கின்றன. இவர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். இரண்டு தலைகளும் அதற்குப் பின்னால் மறைந்தன.

"ஆயில் எப்படி இருக்கு மாமா?"

"இப்பத் தேவல. பெட்ரோல் வாசம் இல்ல."

"மூடியத் தொறந்து பாத்துருவோமா?"

"சூடா இருக்கும். கையச் சுட்டுக்காதீங்க."

இரண்டு வருடத்துக்கு அப்புறம் பேசிய முதல் நாலு வரிகள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறேன்.

நித்திலா வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். என் பக்கத்துக் கண்ணாடியில் கை வைத்து நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. பானெட்டையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"வண்டி ஆற நேரம் ஆகும். அதுவரைக்கும் உள்ள வந்து உக்காருங்க."

பானெட்டுக்குப் பின்னாலிருந்து இவர் தலை வெளியே வந்தது. கையைக் கர்ச்சீஃபில் துடைத்தார். அழுக்கே இல்லாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"செருப்ப எங்க விடறது கண்ணு?" என்றார்.

சாப்பாட்டில் நித்திலா வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. இவர் மூன்று முறை கேட்டு வாங்கினார். எட்வின் ஆயிலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். இவர் கை காட்டி நிறுத்தினார். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நான் பேசுனது தப்புங் கண்ணு. மத்தவிங்க சொல்லிப் பேசல. நானாத்தான் பேசுனேன். அதுதான் தப்பு."

நித்திலா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். அப்பக்கூட நீங்க வரலீங்கப்பா."

"தெரியும். உங்கம்மா போன்ல பேசுனது கேட்டுச்சு."

நான் நிமிர்ந்தேன். இரண்டு வருடமாக ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காரெடுத்துட்டு அவினாசி வரைக்கும் வந்தேன்," என்றார். "பழைய கார்ல. அப்படியே திரும்பிட்டேன்."

"மன்னிச்சுட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியாதுங்கப்பா."

"வேண்டாம். சொல்ல வேண்டாம்."

"சாப்பிடுங்க," என்று சொல்லி, நாலாவது முறை குழம்பு ஊற்றினாள். அவர் கேட்காமலே.

மே 15

ராக்கியப்பன் வந்து, "சேலம் போனீங்களாமே, எதுக்கு?" என்றார். "ஆயில் சூடாக்க," என்றேன். தலையாட்டிக்கொண்டே போனார். இப்போது ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். பங்காளிகள் வருவார்கள். சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மே 27

இருவரையும் கொச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். சேலத்துக்கு முந்தின நாளே போய், பெட்டிகளோடு கூட்டி வந்து, இன்று காலை இங்கிருந்து கிளம்பினோம். முன்சீட்டில் எட்வின், பின்னால் நானும் நித்திலாவும், எங்களுக்கு நடுவில் ஊறுகாய் பாட்டில். வழியெல்லாம் முன்னால் டர்போ, பின்னால் மௌனம். திருச்சூர் தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ஏசியைக் கொஞ்சம் குறைத்தார்.

விமான நிலையத்தில் எட்வின் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். நித்திலா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அவர் முன்னால் நின்று, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி ஒரு சொல் சொன்னாள். போலீஸ்காரர் விசிலடித்துக் காரை எடுக்கச் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் வாளையார் வந்தது. இவர் எந்த ஆயிலும் தேவைப்படாத வேகத்தில் ஓட்டினார்.

"கோதை. அவ 'வரேன்'னுதான சொன்னா?"

"ஆமாங்க."

"அன்னைக்கு வாசல்ல நின்னு 'போறேன்'னுதான் சொல்லிட்டுப் போனா. எனக்கு நல்லா நாவகம் இருக்குது."

"இன்னைக்கு 'வரேங்கப்பா'ன்னுதான் சொன்னா."

ஒரு வைக்கோல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன். அதற்கும் பின்னால் ஒரு மொபெட். ஜெர்மன் காரின் கண்ணாடியில் வைக்கோல் துரும்புகள் வந்து ஒட்டின.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

"நீ நல்லாக் கேட்டியா?"

"பக்கத்துலதானுங்க நின்னேன். 'வரேன்'னுதான் சொன்னா."